எக்சாஸ்ட்டை விடுங்கள், ஃபோர்க்கைப் பாருங்கள்

பதினாறு வயது நிறைந்தால் பி2 மோட்டார் உரிமம் எடுக்கலாம் என்கிறது நம் நாட்டுச் சட்டம். பினாங்கில் அந்த வயதை எட்டும் பிள்ளைகளில் பலருக்கு முதல் வாகனம் கப்சாய் எனப்படும் சிறு மோட்டார்தான். அதுவும் கடையிலிருந்து புதிதாக இறங்கியதாக இருக்காது. அண்ணன் ஓட்டியது, மாமா விற்றது, தெரிந்தவரிடமிருந்து கைமாறியது என்று ஏதோ ஒரு பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 வீட்டு வாசலுக்கு வந்து சேரும். வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இஞ்சின் ஓசையைக் கேட்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், பிரேக்கை அழுத்திப் பார்ப்பார்கள், சாலை வரி எப்போது முடிகிறது என்று விசாரிப்பார்கள். முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கி நிற்கும் ஃபோர்க்கைக் குனிந்து பார்ப்பவர் மிகவும் குறைவு. எண்ணெய் கசிந்தாலும் வண்டி ஓடுகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடப்படும் முதல் பழுதும் அதுதான். இளையோர் ஓட்டும் மோட்டாரின் முன் ஃபோர்க்கைத் தலைக்கவசத்துக்கும் பிரேக்குக்கும் நிகரான உயிர்காப்புப் பொருளாக நாம் கருத வேண்டும். அதைப் பழுதுபார்க்கவும் முறைப்படி வலுப்படுத்தவும் ஆகும் செலவைக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டாமல் அரசும் முதலாளிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

2016இல் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். 2019இல் 6,167 பேர். எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு விகிதம் மட்டும் அசைவதே இல்லை: இறப்பவர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். ஒவ்வொரு பெருநாள் காலத்திலும் சாலைத் தடுப்புச் சோதனைகள் நடக்கின்றன, சமன்கள் எழுதப்படுகின்றன, சத்தம் போடும் எக்சாஸ்ட்டுகள் பறிமுதலாகின்றன. அவற்றில் ஒன்றுகூட, வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

ஃபோர்க் என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது மேடுபள்ளத்தில் உடம்பு குலுங்காமல் இருக்க வைத்த வசதிப் பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்குழாய் ஒன்று, வெளிக்குழாய் ஒன்று, உள்ளே நீண்ட ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். இவ்வளவுதான் அதன் உடம்பு. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாதபடி அடக்குவது, சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாயும் அந்த எண்ணெய். பிரேக் பிடித்த நொடியில் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்பக்கம் சாய்கின்றன. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எண்ணெய் வற்றிய ஃபோர்க் அப்போது ஒரேயடியாக அடிவரை இறங்கிவிடும். இறங்கிய பிறகு அடுத்து வரும் பள்ளத்துக்கு அதனிடம் இடமே மிச்சமில்லை. டயர் தரையைவிட்டு ஒரு கணம் எழும்பும். அந்தக் கணத்தில் பிரேக் பிடித்தபடி இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், கைப்பிடி ஒரு பக்கமாக மடங்கும். பெரிய மோட்டார்சைக்கிள்களில் ஃபோர்க்கின் இரு கால்களையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிளாம்புகள் பிடித்திருக்கும். இ.எக்ஸ்.5 போன்ற கப்சாயில் கீழ்க் கிளாம்பு ஒன்றுதான். குறைந்த விலைக்கு, குறைந்த எடையில், குடும்பத் தேவைக்காக வடிவமைத்த வண்டி அது. முன் டயரின் அளவும் 2.25-17 தான். மெலிந்த டயர், மெலிந்த கால்கள், ஒற்றைப் பிடி. இவை நல்ல நிலையில் இருக்கும்வரை போதுமானவை. தேய்ந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் அங்கே கிடையாது.

பல வருடம் கவனிக்கப்படாத ஒரு கப்சாயின் ஃபோர்க்கைப் பட்டறையில் கழற்றும்போது நின்று பார்த்தால் இந்த வாதத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. புதிதாக ஊற்றும்போது தெளிவாக இருக்கும் எண்ணெய், சாம்பல் நிறக் குழம்பாக வழியும். தேய்ந்த உலோகப் பொடியும் சீல் வழியே புகுந்த மழைநீரும் கலந்த குழம்பு அது. அளவும் பாதிக்குக் கீழே இருக்கலாம். சீலுக்குச் சற்று மேலே உள்குழாயின் குரோம் பூச்சில் குண்டூசி முனை அளவுக்குத் துருப்புள்ளிகள் தெரியும். விரல் நகத்தை மெல்ல இழுத்தால் தடுக்கும். புதிய ஆயில் சீலை மாட்டி அனுப்பினால் அந்தப் புள்ளிகள் சில வாரங்களில் அதன் உதட்டைக் கிழித்துவிடும், திரும்பவும் கசியும். “போன மாதம்தானே மாற்றினோம்” என்று வாடிக்கையாளர் சலித்துக்கொள்வது இதனால்தான். குழாயைச் சமதளக் கண்ணாடிமீது உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். நேரான குழாய் அமைதியாக உருளும். வளைந்தது ஒரு சுற்றுக்கு ஒரு முறை கண்ணாடியிலிருந்து எழும்பி இறங்கும். கடைசியில் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திக் கைப்பிடியை இடமும் வலமும் திருப்பினால், நேராக வரும் இடத்தில் அது எதிலோ விழுந்து நிற்கும். பள்ளத்துக்குப் பள்ளம் வாங்கிய அடியில் கழுத்து பேரிங்கின் குண்டுகள் தம் தடத்திலேயே குழி பறித்துவிட்டன என்று அதற்குப் பொருள். அந்தக் குழியை மீறித்தான் ஓட்டுபவர் ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் செய்ய வேண்டியிருக்கும்.

பினாங்கு இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும் ஊர். தீவைச் சுற்றிலும் கடற்காற்று; குரோமில் துரு விழ அது ஒன்றே போதும். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையில் இறங்கும் வண்டி, வளைவுக்கு வளைவு முன் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறது. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளமான முதல் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது கைப்பிடியில் தளர்ச்சி இருந்தால் அதன் விளைவு உடனே தெரியும். 2019 ஜனவரி முதல் இரண்டு பாலங்களிலும் மோட்டார்களுக்குச் சுங்கம் இல்லை. ஏழைத் தொழிலாளிக்கு அது பெரிய நிம்மதி. கடலைக் கடந்து தினமும் வேலைக்குப் போவது எளிதாகியிருக்கிறது. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், பட்டர்வொர்த் அடுக்குமாடிகளின் வேகத்தடைகளை நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்கள், பின்னால் உணவுப்பெட்டி கட்டிக்கொண்டு ஜார்ஜ்டவுன் முழுக்கச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் இருப்பது பெரும்பாலும் இருபதுகளில். சாலையை ஒழுங்காகப் போட்டால் ஃபோர்க் ஏன் கெடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். மாநகர் மன்றங்களும் பொதுப்பணி இலாகாவும் பள்ளங்களை மூட வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். ஆனால் பள்ளமே இல்லாத சாலையிலும் எண்ணெய் பழசாகும், சீல் தேயும், குரோம் துருப்பிடிக்கும்.

இளையோர் தாங்களே செய்துகொள்ளும் ‘வலுப்படுத்தல்’ என்ற விஷயத்தை மேலோட்டமாகக் கண்டிப்பது எளிது; எது வலு, எது சேதம் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை வெட்டி முன்பக்கத்தைத் தாழ்த்துவது பார்வைக்குப் பந்தய வண்டி போல இருக்கும். உண்மையில் அது ஃபோர்க்கின் ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. முன்பக்கம் தாழ்ந்ததால் கைப்பிடியின் சாய்வுக் கோணமும் மாறி, வேகத்தில் வண்டி அலைபாயத் தொடங்கும். எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் போய், அழுத்தம் சீலைப் பிதுக்கித் தள்ளும். டிரம் பிரேக்குக்காகச் செய்த ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக்கை மாட்டுகிறவர்கள் உண்டு. பிடி வலுவாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் நிறுத்தும் விசை முழுவதும் இப்போது ஒரே காலில் முறுக்காக ஏறுகிறது, அந்தக் கால் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இன்னும் ஆபத்தானது, மோதலில் வளைந்த உள்குழாயை அழுத்தி நேராக்கித் திரும்ப மாட்டுவது. ஒருமுறை வளைந்த இரும்பு, கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் பழைய வலுவோடு திரும்பி வருவதில்லை. வளைந்த இடத்தில் குரோம் பூச்சும் நுண்ணிய விரிசல் விட்டிருக்கும். அந்தக் குழாய்க்கு மாற்று ஒன்றுதான்: புதிய குழாய். வெடித்த அலுமினிய வெளிக்குழாயை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் இதே வகைத் தவறு.

முறையான வலுப்படுத்தல் இவற்றைப் போலக் கண்ணைக் கவராது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில், ஓட்டுபவரின் எடைக்கும் அவர் சுமக்கும் சுமைக்கும் ஏற்ற ஸ்பிரிங். தயாரிப்பாளர் சொன்ன கனத்தில், சொன்ன அளவில், இரு கால்களிலும் சமமாக அளந்து ஊற்றிய எண்ணெய். ஆயில் சீலோடு தூசி சீலும் சேர்த்து மாற்றுவது. தேய்ந்த குண்டு பேரிங்குக்குப் பதில் நல்ல தரமான பேரிங். எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரியான இறுக்கத்தில் முடிப்பது. டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் ஃபோர்க், கிளாம்பு, சக்கரம் எல்லாவற்றையும் டிஸ்க்குக்காகச் செய்த தொகுதியாகவே மாற்ற வேண்டும். 1994இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் பந்தய வண்டியின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே மெக்கானிக்குகள் இஞ்சினுக்குச் செலவிடும் அக்கறைக்குக் குறையாமல் முன் ஃபோர்க்குக்கும் செலவிடுவதை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. கப் பிரிக்ஸில் ஓடிய ஹஃபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோ ஜிபி வரை போனார். அந்த உயரத்தை ரசிக்கும் பிள்ளைக்கு, வண்டியைத் தரையோடு பிணைப்பது எது என்றும் சொல்லிக் கொடுக்கலாம்.

சின்ன வண்டியை மலிவாகச் செய்து இளையோர் கையில் கொடுத்துவிட்டு, அதன் முன்பக்கத்தைக் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பொலாரிஸ், ஆர்க்டிக் கேட் நிறுவனங்கள் சிறுவர்களுக்கென்றே 120 சிசி ஸ்னோமொபைல்களை விற்றிருக்கின்றன. பனிமேடுகளில் மோதி அவற்றின் முன் சஸ்பென்ஷன் கைகள் வளைவதும், பெற்றோர் கராஜில் அவற்றைக் கழற்றி, வலுவான கைகளும் நல்ல ஷாக் அப்சார்பர்களும் மாட்டுவதும் அங்கே வழக்கம். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு சாலைதான். அங்கே சிறுவன் விழுந்தால் பெரும்பாலும் பனியில் விழுவான்; இங்கே பதினேழு வயதுப் பையன் விழும் இடத்தில் பின்னால் லாரி வருகிறது.

இனி இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றுக்கு வருகிறேன். மோட்டார் விபத்து ஆய்வுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 1981இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்திலேயே சென்று ஆராய்ந்தது. வாகனக் கோளாறால் நடந்த விபத்துகள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, அவற்றிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சரால் நடந்தவை என்றது அந்த அறிக்கை. அப்படியானால் ஃபோர்க்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது வீண் வேலை அல்லவா? ஓட்டுபவரின் தவறும் எதிரே வரும் கார்க்காரரின் கவனக்குறைவும்தானே காரணம்?

அந்த எண்ணை நான் ஏற்கிறேன். அது எதை எண்ணியது என்பதையும் பார்க்க வேண்டும். உடைந்து போனதையோ வெடித்துப் போனதையோ ஆய்வாளர் கோளாறு என்று எழுதுவார். எண்ணெய் வற்றிய ஃபோர்க் உடைவதில்லை. அது வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது, ஈரச் சாலையில் டயரின் பிடியைக் குறைக்கிறது, அவ்வளவே. மோதலுக்குப் பின் நசுங்கிக் கிடக்கும் ஃபோர்க்கைப் பார்த்து, மோதுவதற்கு முந்திய நொடியில் அதில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்று சொல்லவும் முடியாது. அதே ஹர்ட் அறிக்கையில் இன்னொரு கண்டுபிடிப்பு இருக்கிறது: விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. தப்பிக்கக் கிடைத்த நேரமோ இரண்டு விநாடிக்கும் குறைவு. இதை ஓட்டுபவரின் தவறு என்று பதிவு செய்வது முறைதான். ஆனால் முன் பிரேக்கைத் தொட்டாலே தலைகுப்புற இறங்கும் வண்டியில் ஓட்டக் கற்ற பிள்ளை முன் பிரேக்கை நம்புவானா? அவன் கையும் காலும் அந்த வண்டியிடமிருந்தே பழகுகின்றன. முன்பக்கம் பயமுறுத்தினால் அவன் பின் பிரேக்குக்குப் போவான். அந்தப் பழக்கம் ஆபத்து வரும் நொடியிலும் மாறாது. இது நான் செய்யும் அனுமானம். ஆயினும் மிரோஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் சோதித்துப் பார்க்கக்கூடிய அனுமானம். ஒரே மாதிரி கப்சாய்கள் சிலவற்றை எடுத்து, ஃபோர்க்கைப் பழுதுபார்ப்பதற்கு முன்னும் பின்னும், ஈரத்திலும் காய்ந்த தரையிலும் நிற்கும் தூரத்தை அளந்தால் விடை தெரிந்துவிடும். அதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

வண்டியையும் சாலையையும் திருத்துவதால் உயிர் மிஞ்சும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கெனத் தனித்தடம் நீட்டிக்கப்பட்டபோது அங்கே மோட்டார் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததைப் பேராசிரியர் ராடின் உமார் குழு அளந்து காட்டியது. 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதிக்கும் பலன் இருந்தது. இவை எதுவுமே ஓட்டுபவரின் குணத்தை மாற்றக் காத்திருக்கவில்லை. இப்போது 150 சிசி முதலான புதிய மோட்டார்களுக்கு 2025 ஜனவரி முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் 110 சிசி கப்சாயும் ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஏழைப் பிள்ளைகளின் வண்டிகள் அவைதாம். பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு உரிமம் எடுக்கும் செலவை அரசே ஏற்கும் மைலெசன் பி2 திட்டம் இருக்கிறது. உரிமத்தைக் கையில் கொடுத்த அரசு, அந்தப் பிள்ளை ஏறப்போகும் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

பாதுகாப்பைக் கூட்டினால் பையன்கள் இன்னும் வேகமாகப் போவார்கள் என்பது அடுத்த மறுப்பு. 1975இல் சிகாகோ பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் கார்களை வைத்து முன்வைத்த வாதத்தின் சாயல் அது. ஃபோர்க் சீராக இருப்பதால் இஞ்சினுக்குப் புதுச்சக்தி வந்துவிடாது. வேகமாகப் போக நினைப்பவன் கெட்ட ஃபோர்க்கிலும் போகிறான், போய்க்கொண்டுதான் இருக்கிறான். மெதுவாக, பயந்து, வேலைக்குப் போய்வரும் பிள்ளைக்கும் அதே வண்டிதான். அவனுக்கு நல்ல ஃபோர்க் கிடைக்கக் கூடாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

‘வலுப்படுத்தல்’ என்று வாசலைத் திறந்தால் எல்லா மாற்றங்களும் அதே வாசல் வழியே நுழைந்துவிடும் என்ற அச்சம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களோடு சாலையில் இருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி ஓட்டும் அந்தப் பசிக்கால் லாஜாக் மோகம் நாட்டையே உலுக்கியது. இளையோர் வண்டியில் கை வைப்பது என்றாலே அதிகாரிகளுக்கும் பெற்றோருக்கும் அந்த நினைவு வருவது இயல்பு. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து எல்லா ஸ்பேனரையும் பிடுங்கிவிட வேண்டும் என்ற பாடத்தை எடுப்பது சரியாகாது. அந்தச் சிறுவர்களுக்கு வண்டியைக் கழற்றத் தெரிந்திருந்தது. எதை ஒருபோதும் கழற்றக் கூடாது, ஏன் கூடாது என்று மதிக்கத்தக்க ஒரு கைத்தொழில்காரர் பக்கத்தில் நின்று சொல்லவில்லை. சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரிக்கும் அந்தப் பகுப்பு தெரிய வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய ஃபோர்க்குக்கு நடவடிக்கை எடுக்கட்டும். எண்ணெய் கசியும் ஃபோர்க்குக்கு, இத்தனை நாளுக்குள் பழுதுபார்த்து ரசீதோடு வந்து காட்டு என்ற அறிவிப்பு போதும். அபராதத்துக்குப் போகும் பணம் பட்டறைக்குப் போனால் வண்டியாவது சரியாகும்.

அப்படியானால் எல்லா மோட்டார்களுக்கும் ஆண்டுச் சோதனையைக் கட்டாயமாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூரில் மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்கள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். ஜப்பானிலோ 250 சிசிக்கு உட்பட்டவற்றுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நம் நாட்டில் வணிக வாகனங்கள்தாம் காலமுறைப்படி சோதனைக்குப் போகின்றன. தனியார் மோட்டார்கள் போவதில்லை. கட்டாயச் சோதனையை நான் ஆதரிக்கவில்லை. லட்சக்கணக்கான மோட்டார்கள் ஒரு சில மையங்களின் வாசலில் வரிசை நின்றால், நாட்சம்பளக்காரர் ஒரு நாள் கூலியை இழப்பார், இடைத்தரகர் பிழைப்பார், வண்டி மட்டும் அப்படியே இருக்கும். சோதனை என்பது குறையைக் கண்டுபிடித்து முத்திரை மறுப்பது. நமக்கு வேண்டியது குறையைச் சரிசெய்யும் கை. அந்தக் கை ஏற்கெனவே நம் அக்கம்பக்கப் பட்டறைகளில் இருக்கிறது.

அதனால் தொடங்க வேண்டிய இடம் வேலையிடம் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்குச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இழப்பீடு தருகிறது. கால் இழந்த இருபது வயது இளைஞருக்கு அது பல ஆண்டுகள் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவின் ஒரு துளியைத் தடுப்புக்குத் திருப்பலாம். பாயான் லெப்பாஸ், பிறை, பத்து கவான் ஆலைகளின் மோட்டார் நிறுத்துமிடங்களில் ஷிப்டு நேரத்துக்கு ஏற்ப ஃபோர்க்கையும் கழுத்து பேரிங்கையும் பார்த்து, குறை இருந்தால் அருகிலுள்ள பதிவுபெற்ற பட்டறைக்குக் கூப்பன் கொடுக்கலாம். மைலெசன் பி2 உரிமத்தோடும் அதே கூப்பனைச் சேர்க்கலாம். பூன் சியூ ஹோண்டாவின் ஆலை பத்து கவானிலேயே இருக்கிறது. ஹோண்டா மோட்டார்களை நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ பினாங்கில் உழைத்து உயர்ந்தவர். அசல் ஆயில் சீல், ஸ்பிரிங், உள்குழாய் ஆகியவற்றை இளையோருக்கான இந்தத் திட்டத்துக்குச் சலுகை விலையில் தரும்படி அந்த நிறுவனத்திடம் மாநில அரசு கேட்கலாம், கேட்க வேண்டும். பிற தயாரிப்பாளர்களிடமும் அப்படியே.

பட்டறைகளின் தரம் சீராக இல்லையே என்ற குறைக்குத் தடை போடுவது தீர்வாகாது, பயிற்சிதான் வேண்டும். தோட்டங்களிலிருந்து வெளியேறி நிபோங் திபாலிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் பிறையிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லாமல் மோட்டாரோடு மட்டும் கிடக்கும் பிள்ளைகள் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதைக் கேட்காதவர் இல்லை. அந்த நாட்டத்தைக் குற்றமாகப் பார்க்காமல் தொழிலாக மாற்ற வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். படிப்புகளும் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. அங்கே இஞ்சினுக்குக் கொடுக்கும் நேரத்துக்கு நிகராகச் சஸ்பென்ஷனுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். வளைந்த குழாயை ஏன் நேராக்கக் கூடாது என்பதை வெட்டிக் காட்டிக் கற்பிக்க வேண்டும். ஏற்கெனவே பட்டறை நடத்துபவர்களுக்கு இரண்டு மூன்று மாலை வகுப்புகள் போதும்; அவர்கள் கைக்குத் தொழில் தெரியும், சரியான அளவுகளும் டார்க் ரெஞ்சும்தான் இல்லை. தமிழ் இளைஞர் அமைப்புகளும் ஆலய நிர்வாகங்களும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் அதே ஈடுபாட்டோடு இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மண்டபமும் கொடுத்தால் நிறைய நடக்கும்.

பணம் இல்லை என்ற பதிலைப் பெற்றோரிடம் நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இரு கால்களுக்கும் சீலும் எண்ணெயும் மாற்றச் சில பத்து வெள்ளிதான் ஆகும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும் எக்சாஸ்ட்டுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். பையனுக்கு எக்சாஸ்ட் வாங்கித் தர முடிந்த வீட்டில் ஃபோர்க்குக்கும் முடியும். எதற்குமே முடியாத வீடுகளுக்குத்தான் கூப்பன். வீட்டிலேயே பார்க்கக்கூடியதும் உண்டு: வண்டியில் ஏறி முன் பிரேக்கைப் பிடித்தபடி கைப்பிடியைக் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அமைதியானால் சரி. மீண்டும் மீண்டும் துள்ளினாலோ, இறங்கும்போது ‘டக்’ என்று அடித்தாலோ, உள்குழாயில் ஈரமான கருப்பு வளையம் தெரிந்தாலோ அன்றைக்கே பட்டறைக்கு அனுப்புங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. சொக்சோவும் மாநில அரசும் முதல் சுற்றை இந்த ஆகஸ்டில், பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் தலா ஓர் ஆலை வளாகத்தில் தொடங்கினால், முதல் பெருமழைக்கு முன்பே சில நூறு கப்சாய்களின் முன்சக்கரமாவது தரையில் ஒழுங்காகப் பதிந்திருக்கும்.